கூர்ப்பும் சூழலியலும்: கப்பி மீன் தரும் விளக்கம்

சூழற்றொகுதி ஓர் அலகாகவும் கூர்ப்பு வேறோர் அலகாகவும் கற்கப்படுகின்றன. சூழலியல் இன்று நிகழ்வது, கூர்ப்பு மில்லியன் கணக்கான ஆண்டுகளில் நிகழ்வது என்ற எண்ணமே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் முற்றிலும் சரியானதன்று. எமது நாட்டில் அழகு மீனாகவும் நுளம்புக் குடம்பிகளை உண்பதற்காகவும் வளர்க்கப்படும் கப்பி மீன் இதற்கு நல்ல உதாரணமாகும்.

கப்பியின் தாயகங்களுள் ஒன்று மேற்கிந்தியத் தீவுகளிலுள்ள திரினிடாட் ஆகும். அங்குள்ள மலை ஓடைகளில், நீர்வீழ்ச்சிகளுக்குக் கீழே, வளர்ந்த கப்பிகளைப் பிடித்துண்ணும் பெரிய இரைகௌவி மீன்கள் வாழ்கின்றன. நீர்வீழ்ச்சியைத் தாண்டி அவற்றால் மேலே செல்ல முடியாது. மேலே வாழும் சிறிய இரைகௌவி மீன் பெரும்பாலும் குஞ்சுகளையே உண்ணும். கீழோடைக் கப்பிகள் விரைவில் முதிர்ச்சியடைந்து சிறிய குஞ்சுகளை அதிக எண்ணிக்கையில் ஈனும். மேலோடைக் கப்பிகள் பிந்தி முதிர்ச்சியடைந்து பெரிய குஞ்சுகளைக் குறைந்த எண்ணிக்கையில் ஈனும்.

1976 இல் ஜோன் எண்ட்லர் என்பவர் அரிப்போ ஆற்றில் பெரிய இரைகௌவிகள் உள்ள பகுதியிலிருந்து கப்பிகளை எடுத்து, அதுவரை கப்பிகளே இல்லாத கிளையோடை ஒன்றில் விட்டார். அங்கு பெரிய இரைகௌவிகள் இருக்கவில்லை. 11 ஆண்டுகளில், அதாவது 30 - 60 தலைமுறைகளில், அவற்றின் வழித்தோன்றல்கள் பிந்தி முதிர்ச்சியடைந்து பெரிய குஞ்சுகளை ஈன்றன. டேவிட் ரெஸ்னிக் முதலானோர் இம்முடிவை 1990 இல் வெளியிட்டனர். ஆய்வுகூடத்தில் ஒரே நிபந்தனைகளின் கீழ் இரு தலைமுறைகள் வளர்க்கப்பட்டபோதும் இவ்வேறுபாடு மறையவில்லை. எனவே இது வெறுமனே உணவாலோ நீராலோ ஏற்பட்டதன்று, தலைமுறையுரிமையடையும் மாற்றமாகும்.

"மீன்கள் புதிய சூழலுக்கேற்பத் தம்மை மாற்றிக்கொண்டன" என விடை எழுதுவோர் பலர். இது பிழை. தனி மீன் எதுவும் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. குடித்தொகையில் மாறல்கள் முன்னரே இருந்தன. கீழோடையில் பிந்தி முதிர்பவற்றுள் பல, குஞ்சு ஈனுமுன்னரே இரையாகிவிடும். மேலோடையில் அந்த அபாயம் குறைவு. ஆனால் கப்பிகள் நெருக்கமாக வாழ்வதால் உணவுக்கான போட்டி அதிகம். பெரிய குஞ்சே அதில் தாக்குப்பிடிக்கும்.

மறுதிசையிலும் தாக்கம் உண்டு. 2010 இல் வெளியான ஆய்வொன்றில் இருவகைக் கப்பிகளும் செயற்கை ஓடைகளில் தனித்தனியே விடப்பட்டன. கீழோடைக் கப்பிகள் சிறிய முள்ளந்தண்டிலிகளையும் மேலோடைக் கப்பிகள் அல்காக்களையும் கூடுதலாக உண்டன. இதனால் கீழோடைக் கப்பிகள் இருந்த தொட்டிகளில் அல்காக்கள் கூடியும் முள்ளந்தண்டிலிகள் குறைந்தும் காணப்பட்டன. இனம் ஒன்றே; உணவு வலையோ வேறு.

பயிற்சி வினா: மேலோடை ஒன்றினுள் பெரிய இரைகௌவி மீன்கள் புகுந்தால், அங்குள்ள கப்பிக் குடித்தொகையிலும் அல்காக்களின் அளவிலும் பல தலைமுறைகளின் பின் எதிர்பார்க்கத்தக்க மாற்றங்களைக் காரணத்துடன் விளக்குக.