வேடரின் கோடரியும் காட்டுரிமையும்

மாத்தளை மாவட்டத்தில், சிகிரியாக் குன்றின் அடிவாரத்திலுள்ள அலிகல குகையில் ஆதி வேட்டுவர்கள் பயன்படுத்திய சிறு கல்லாயுதங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அதற்குப் பிந்திய மண்ணடுக்குகளில் இரும்பின் தடயங்களும் கிடைத்தன. அவ்வேட்டுவ மரபின் வழிவந்தோராகக் கருதப்படுபவர்கள் வேடர்கள்.

வில்லேந்தியவனுக்கு அம்பு மட்டும் போதாது. இறைச்சியைத் துண்டாடவும், தேனுள்ள மரப்பொந்தைப் பிளக்கவும் வெட்டுகருவி வேண்டும். வேடர் இதற்கெனத் தோளில் சுமந்தது சிறு கோடரியே.

இவர்களுக்கு இரும்பு கிடைத்த விதத்தை, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681 இல் வெளியான தமது நூலில் விளக்குகின்றார். வேடர் இரவில் கொல்லனின் பட்டறையில் இறைச்சியையும், வேண்டிய அம்பின் வடிவில் வெட்டிய இலையையும் தொங்கவிட்டுச் செல்வர். கொல்லன் அவ்வாறே செய்து வைத்தால் மேலும் இறைச்சி கிடைக்கும். முகம் காணாமலே நடந்த பண்டமாற்று இது.

1983 இல் மதுரு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டதும் வேடரின் பரம்பரை வேட்டைக்காடு அவர்களுக்கு மூடப்பட்டது. தம்பானையில் இன்றும் அவர்களது தோளில் கோடரி உண்டு. சுற்றுலாப் பயணிகள் அதனைப் படம்பிடிக்கின்றனர். வனவிலங்குகளைப் பாதுகாப்பது அவசியமே. ஆயினும் காடின்றேல் கோடரி வெறும் காட்சிப்பொருளாகும். மூதாதையர் நிலத்தை இழப்பதன் வேதனையை அறிந்த தமிழ், முஸ்லிம் மக்கள் வேடரின் உரிமைக்காகவும் குரல் கொடுக்க வேண்டுமென்பதே எமது நிலைப்பாடாகும்.