சட்டியில் சுட்ட வற்றாளங்கிழங்கு
1996 இல் பரந்தனைவிட்டு இடம்பெயர்ந்தபோது வயலைச் சுமந்துசெல்ல எங்களால் முடியவில்லை. வற்றாளைக் கொடியையோ ஒரு முழம் வெட்டிக் கொண்டுபோகலாம். ஈரமண்ணில் ஊன்றினால் நாலு மாதமளவில் கிழங்கு.

சோற்றுக்குக் கறியாக அதைச் சுடுவோம். தோல் சீவாமல் கழுவித் துண்டாக்கி, உப்பு, மிளகுத்தூள், தட்டிய உள்ளி, ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டுப் பிரட்டுங்கள். மண்சட்டியில் பரப்பி மூடி, மூடியின் மேலும் தணல் போட்டு அரைமணி நேரமளவு வைத்து, இடையில் ஒருதரம் புரட்டுங்கள். எண்ணெய் வீணல்ல: செம்மஞ்சள் கிழங்கில், கண்ணுக்கு வேண்டிய விற்றமின் ஏ தரும் சத்து எண்ணெயோடு சேர்ந்தால்தான் உடலில் நன்கு சேரும். வெள்ளைக் கிழங்கில் அது மிகக் குறைவு.

நீரிழிவுக்காரர் அவித்தே உண்ணட்டும். சுட்டது இரத்தத்தில் சீனியை விரைவாகக் கூட்டும். வண்டு துளைத்துக் கசக்கும் பகுதியை வெட்டி எறியுங்கள், சுட்டாலும் அந்த நஞ்சு போகாது. பழுதான கிழங்கை மாட்டுக்கும் போடாதீர்கள், நுரையீரலைத் தாக்கும்.