உங்களுக்குத் தெரியுமா? வீடியோ இன்டர்வியூ ஸ்பெஷல்

● வீடியோ இன்டர்வியூ என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது அயர்ன் பண்ணின சட்டையை. தேட வேண்டியது நல்ல மைக்கை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வு இது: ஒரே பேச்சை ஒரு முறை தெளிவான குரலிலும், இன்னொரு முறை மட்டமான மைக்கில் கேட்கும் தகரத் தொனியிலும் ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை. ஆனாலும் தகரத் தொனியில் கேட்டவர்கள், பேசியவருக்கு அறிவு கொஞ்சம் மட்டு, வேலைக்கு எடுக்கவும் அவ்வளவு லாயக்கில்லை என்று மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். இதில் பெரிய சங்கடம், நம் குரல் எதிர்முனையில் எப்படிக் கேட்கிறது என்பது நமக்குத் தெரியாததுதான். முகத்தைத் திரையில் பார்த்துத் தலையைச் சரிசெய்து கொள்ளலாம், குரலுக்கு அந்த வசதி இல்லை. ஜூமின் ஆடியோ அமைப்பில் ‘டெஸ்ட் மைக்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்திவிட்டு இரண்டு வரி பேசுங்கள். பேசியது அப்படியே திரும்ப ஒலிக்கும். ஃபேன் சத்தம், பக்கத்து அறை டி.வி., அடுப்படி மிக்ஸி எல்லாம் அதில் வந்துவிடும்.

● பாட்டுக்கு அருமையாக இருக்கும் ப்ளூடூத் இயர்பட்ஸ், மைக்கும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியதும் தரம் இறங்கிவிடும். சாதாரண ப்ளூடூத் இணைப்பால் உயர்தர ஒலியையும் மைக்கையும் ஒரே நேரத்தில் சுமக்க முடியாது. அதனால் பழைய டெலிபோன் மாதிரியான முறைக்கு அது தானாகவே மாறிக்கொள்கிறது. டிராயரில் சுருண்டு கிடக்கும் ஒயர் இயர்போனை எடுத்துத் தூசி தட்டுங்கள். ஒரே எச்சரிக்கை: அதன் மைக் காலரிலோ துப்பட்டாவிலோ கழுத்துச் செயினிலோ உரசக் கூடாது. உங்களுக்கு ஒன்றும் கேட்காது, எதிரே இருப்பவருக்குக் கரகரவென்று காது கிழியும்.

● உலகின் முதல் பொது வீடியோ போன் சேவைகளில் ஒன்றான ‘பிக்சர்போன்’ 1964இல் நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ நகரங்களில் தொடங்கியது. பூத்துக்குப் போய்த்தான் பேச வேண்டும். மூன்று நிமிடத்துக்குக் கட்டணம் 16 முதல் 27 டாலர். போணியாகவில்லை.

● ‘காலை 10 மணி, நியூயார்க் நேரம்’ என்று மெயில் வந்தால், அது நமக்கு மாலை 7.30 மணியாகவும் இருக்கலாம், இரவு 8.30 மணியாகவும் இருக்கலாம். மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி வைக்கிறார்கள். லண்டன்காரர்களும் மாற்றுவார்கள், ஆனால் அதே நாளில் அல்ல. அவர்களுக்கு மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. கோடையிலும் பழக்கதோஷத்தில் ‘ஈ.எஸ்.டி.’ (குளிர்கால நேரம்) என்றே எழுதும் ஹெச்.ஆர்.களும் உண்டு. ‘இந்திய நேரம் மாலை 7.30தானே?’ என்று ஒரு வரி பதில் போட்டுவிட்டால் தீர்ந்தது.

● திரையில் உங்கள் முகத்தின்மேல் வரிவரியாகப் பட்டைகள் ஓடுகின்றனவா? லேப்டாப் ரிப்பேர் என்று பயப்பட வேண்டாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. கேமரா 60க்கு வைக்கப்பட்டிருந்தால் டியூப்லைட்டும் சில எல்.இ.டி. விளக்குகளும் இப்படி விளையாட்டுக் காட்டும். கேமரா அமைப்பில் 50க்கு மாற்றினால் பட்டை மறையும்.

● நேருக்கு நேர் உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். இணையம் இந்த இடைவெளியை நீட்டிவிடுகிறது. பெர்லின் ஆய்வாளர்கள் 2014இல் கண்டது: குரல் ஏறக்குறைய 1.2 நொடி தாமதமாகப் போனாலே, பேசுபவர் கவனமில்லாதவர், சிநேகமில்லாதவர் என்று மற்றவருக்குத் தோன்றிவிடுகிறது. பழி லைனுக்குப் போவதில்லை, ஆளுக்குப் போகிறது! எனவே தாமதம் தெரிந்த உடனே, “சார், லைன் கொஞ்சம் லேட்டாகக் கேட்கிறது” என்று சொல்லிவிடுங்கள். கேள்வி முழுதாக முடியட்டும், ஒரு மூச்சு விட்டுப் பதிலைத் தொடங்குங்கள்.

● பின்னணியில் புத்தக அலமாரியோ செடியோ இருந்தால் நம்பகமும் திறமையும் உள்ளவராகத் தோன்றுவீர்கள் என்று இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வு 2023இல் சொன்னது. வீட்டு ஹாலும் வேடிக்கைப் படங்களும் பின்தங்கின. அதற்காக வாடகைக்குப் புத்தகம் வாங்கி அடுக்க வேண்டாம். வெறும் சுவரே போதும் என்பது என் கட்சி.

● 2017 மார்ச்சில் தென்கொரியாவிலிருந்து பி.பி.சி.க்கு நேரலையில் பேசிக்கொண்டிருந்தார் பேராசிரியர் ராபர்ட் கெல்லி. அவருடைய மகள் ஆடியபடி அறைக்குள் வந்தாள். பின்னாலேயே நடைவண்டியில் குழந்தை. உலகமே சிரித்தது. காரணம்: கதவைத் தாழிடவில்லை.

● ஏரோபிளேன் மோடு போட்டு வைஃபையை மட்டும் இயக்கினால் அழைப்பே வராது என்று நம்புகிறோம். போனில் ‘வைஃபை காலிங்’ இயங்கிக்கொண்டிருந்தால் வந்துவிடும். சம்பளம் பேசும் நேரம் பார்த்துத்தான் “சிலிண்டர் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க” என்று ஒருவர் கூப்பிடுவார். ‘டு நாட் டிஸ்டர்ப்’பையும் சேர்த்துப் போடுங்கள். கரண்ட் விஷயத்தையும் மறக்காதீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை செய்யும் பகுதிகளின் பட்டியல் முன்கூட்டியே பேப்பரில் வரும். லேப்டாப்பில் சார்ஜ் இருந்து என்ன பயன், ரவுட்டர் செத்துவிடுமே! ரவுட்டருக்கென்றே சின்ன யு.பி.எஸ். விற்கிறார்கள். இல்லையென்றால் இன்னொரு போனில் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வையுங்கள்.

● திரையில் தெரியும் ஆளின் கண்ணைப் பார்த்துப் பேசினால், அவருக்கு நீங்கள் குனிந்து பேசுவதாகத் தெரியும். கேமரா திரைக்கு மேலே அல்லவா இருக்கிறது. அது கண் மட்டத்துக்கு வர, லேப்டாப்புக்குக் கீழே நாலு தடிப் புத்தகம் வையுங்கள். உங்கள் முகம் உங்களுக்கே தெரிகிற சின்னக் கட்டத்தையும் மறைத்துவிடலாம். மணிக்கணக்கில் தன் முகத்தையே பார்ப்பது ஜூம் களைப்புக்கு ஒரு காரணம் என்று ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021இல் எழுதினார்.

● ஆள் மாறாட்டம் இப்போது டீப்ஃபேக்கிலும் நடக்கிறது. போலி முகத்தோடு வீடியோ இன்டர்வியூவுக்கு வருகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2022லேயே எச்சரித்தது. உதட்டசைவும் குரலும் ஒட்டாமல் போவது ஓர் அடையாளம். ஆகவே “முகத்துக்கு முன்னால் கையை ஆட்டுங்கள்” என்று கேட்டால் கோபிக்க வேண்டாம். முகத்தை மெருகேற்றும் ஃபில்டர்களை அணைத்துவிடுங்கள். ஏ.ஐ. உதவியோடு பதில் சொல்வது பெருகியதால், ஒரு சுற்றாவது நேரில் நடத்துவோம் என்று 2025இல் கூகுளின் சுந்தர் பிச்சையே சொன்னார்.

● முகத்தையே காட்டாமல் டெலிகிராம் சாட்டிலேயே ‘இன்டர்வியூ’வை முடித்து, “செலக்ட் ஆகிவிட்டீர்கள், லேப்டாப்புக்கு டெபாசிட் கட்டுங்கள்” என்றால் சந்தேகமே வேண்டாம், அது மோசடி. பணத்தைக் கட்டிவிட்டீர்களா? தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வங்கியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு.