தர்காவ்ஸ்: ஓர் ஊரைக் காலி செய்தது எது?

காகசஸ் மலைத்தொடரின் வடசரிவில், ரஷ்யாவின் வடக்கு ஒசேத்தியக் குடியரசில், கிசெல்தோன் ஆற்றின் மேற்பள்ளத்தாக்கில் இருக்கிறது தர்காவ்ஸ் என்ற மலைக்கிராமம். அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அதன் கல்லறைகளை மட்டும்தான் தெரியும். ஊர் எல்லையில் ஒரு குன்றின் சரிவில், நூற்றுக்குச் சற்றுக் குறைவான கல்லறை வீடுகள் நிற்கின்றன. மேலே போகப்போகக் குறுகும் பலகைக்கல் கூரை, சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சதுரத் திறப்பு, உள்ளே எலும்புகள். ‘இறந்தோர் நகரம்’ என்று இதற்குப் பெயர். இதைக் காண வருவோருக்குச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. கொள்ளைநோய் வந்ததாம், நோய் கண்டவர்கள் தாமே நடந்து போய் இந்த வீடுகளுக்குள் அமர்ந்து சாவுக்குக் காத்திருந்தார்களாம், ஊர் அப்படித்தான் அழிந்ததாம். கேட்பவர் மனத்தை உலுக்கும் கதைதான். ஆனால் ஓர் ஊர் ஏன் காலியானது என்ற கேள்விக்கு அது விடையாகாது. நோயின் மேல் பழியைப் போட்டுவிட்டால், மனிதர்கள் எடுத்த முடிவுகளைப் பற்றி யாரும் பேச வேண்டியிருக்காது.

கொள்ளைநோய் வரவில்லை என்று நான் சொல்லவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ஒசேத்தியாவைப் பெருநோய் தாக்கியதும், பலர் மாண்டதும் உண்மை. ஆனால் கல்லறைகளையே கவனியுங்கள். அவை ஒரே காலத்தில் அவசரமாகக் கட்டப்பட்டவை அல்ல. பதினான்காம் நூற்றாண்டை ஒட்டித் தொடங்கி, ஏறத்தாழ நானூறு ஆண்டுகள், குடும்பம் குடும்பமாகக் கட்டிப் பயன்படுத்தியவை. இறந்தவரை உடுத்திய உடையோடும் புழங்கிய பொருள்களோடும் மரப்பலகையில் கிடத்தினார்கள். கல்லைச் செதுக்கவும், சாந்து பூசவும், கூரை எழுப்பவும் கைத்திறனும் செல்வமும் வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் இருப்போம் என்ற நம்பிக்கையும் வேண்டும். சாகும் ஊர் இப்படிக் கட்டாது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். ஒசேத்திய மலைகளில் விளைநிலம் அவ்வளவு அரிது; ஒரு பசு நிற்கும் அளவு நிலத்துக்கு ஒரு பசுவையே விலையாகக் கொடுக்க வேண்டும் என்று சொல்வார்கள். அத்தகைய இடத்தில், பயிரிட முடியாத சரிவில், ஒரே கட்டடத்துக்குள் பல தலைமுறையைக் கிடத்துவது சிக்கனமும்கூட. அந்தக் குன்று, ஊர் நெடுங்காலம் வாழ்ந்ததற்கான சான்று என்றே நான் கொள்கிறேன்.

‘எட்டாத மலைக்கிராமம்’ என்ற சொல்லையும் தயக்கத்தோடுதான் ஏற்க வேண்டும். எங்கிருந்து எட்டாதது? இதே ஆற்றின் கீழ்ப்போக்கில் கோபன் என்ற ஊர் இருக்கிறது. 1869இல் அங்கே ஆற்றங்கரை அரிக்கப்பட்டபோது பழங்காலப் புதைகுழிகள் வெளிப்பட்டன. அவற்றில் கிடைத்த வெண்கலக் கோடரிகளின் அழகு ஐரோப்பிய அறிஞர்களை இழுத்து வந்தது. பெர்லினைச் சேர்ந்த ருடால்ஃப் ஃபிர்ஹோ 1883இல் அவற்றைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த வெண்கல நாகரிகம் இன்று உலகெங்கும் கோபன் என்ற பெயரால்தான் அறியப்படுகிறது. பின்னால் வந்த ஒசேத்தியரின் முன்னோர் ஆலானியர்கள். சமவெளியில் அரசு நடத்திய அவர்களைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மங்கோலியரும், பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் தைமூரும் அடித்து நொறுக்கினார்கள். மிஞ்சியவர்கள் மலையிடுக்குகளில் ஒடுங்கினார்கள்; சமவெளி பிறகு கபார்தியர் என்னும் அண்டை இனத்துப் பிரபுக்கள் கைக்குப் போனது. மலைக்கு வந்த பிறகும் உலகத்தோடு உறவு அறவில்லை. தர்காவ்ஸ் அடங்கிய தகவுர் வட்டாரத்தின் பெருங்குடிகள், ஜார்ஜியாவுக்குப் போகும் தாரியால் கணவாய்ப் பாதையில் சுங்கம் வாங்கி வாழ்ந்தவர்கள். மலை மேய்ச்சல், கீழ்நிலம், கணவாய் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அவர்கள் பொருளாதாரம். இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்த பிறகுதான் ஊர் எட்டாததாயிற்று.

அந்தப் பிரிப்பு ஒரே நாளில் நடக்கவில்லை. 1774ஐ ஒட்டி ஒசேத்தியா ரஷ்ய ஆட்சியின் கீழ் வந்தது. 1784இல் விளாதிகாவ்காஸ் கோட்டை எழுந்தது, பிறகு கணவாய்ப் பாதை ராணுவத்தின் கைக்குப் போனது, சுங்கம் நின்றது. எதிர்த்த தகவுர் மக்கள்மேல் 1830இல் தளபதி அப்காசோவின் படை ஏவப்பட்டது. ஊர்கள் எரிக்கப்பட்டன, குடும்பங்களின் காவல் கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. அதே காலத்தில் மலைமக்களைச் சமவெளியில் குடியேற்றும் வேலையும் நடந்தது. கீழே இருப்பவரை ஆள்வது எளிது என்பதை எந்த அரசும் அறியும். 1860களில் முஸ்லிம் ஒசேத்தியரில் பலர் ஓட்டோமான் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சோவியத் ஆட்சி வந்ததும் 1920களில் மறுபடியும் குடியேற்றம், அடுத்துக் கூட்டுப்பண்ணை. மலைக்கும் சமவெளிக்கும் மந்தையை ஓட்டிச் சென்ற குடும்பத்திடமிருந்து மந்தையே போய்விட்டது.

இந்த வரலாற்றில் கொடியது 1944. அந்த ஆண்டு பிப்ரவரி 23 அன்று, பக்கத்து இங்குஷ் மக்களை ஸ்டாலின் அரசு ஒட்டுமொத்தமாக ரயிலேற்றி மத்திய ஆசியாவுக்கு நாடுகடத்தியது. காலியான அவர்கள் வீடுகளை நிரப்ப, ஒசேத்திய மலைக்கிராமங்களிலிருந்தும் தெற்கு ஒசேத்தியாவிலிருந்தும் குடும்பங்கள் இறக்கப்பட்டன. பலர் விருப்பத்தால் போகவில்லை, ஆணையால் போனார்கள். ஒரு மக்களைப் பறித்த இடத்தில் இன்னொரு மக்களை நட்டார்கள். இரண்டு பக்கமும் வேர் அறுந்தது. இங்குஷ்களிடமிருந்து அப்படிப் பறிபோன பிரிகோரத்னி என்னும் மாவட்டத்துக்காகத்தான் 1992 இலையுதிர்காலத்தில் ஒசேத்தியரும் இங்குஷ்களும் மோதி, நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

‘மலைவாழ்க்கை கடினம், யாரும் விரட்டாவிட்டாலும் மக்கள் போயிருப்பார்கள்’ என்பது வலுவான மறுப்பு. பாதிக்குமேல் அதை ஒப்புக்கொள்கிறேன். ஒசேத்திய இலக்கியத்தின் தந்தை கோஸ்தா ஹெதாகுரோவ் 1859இல் நார் என்ற மலைக்கிராமத்தில் பிறந்தவர்; அவர் எழுத்து நெடுகிலும் மலையின் வறுமை வலிக்கிறது. சமவெளியின் கறுப்பு மண்ணைப் பார்த்து இறங்கியவரைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் இறங்குவது வேறு, திரும்பி ஏறும் வழி அடைபடுவது வேறு. நவீன வசதி எட்டாததால் அந்த வழி அடைபட்டது என்றும் சொல்ல முடியாது. 1934இல் கிசெல்தோன் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. இந்த ஆற்றின் வீழ்ச்சிதான் அதற்கு விசை. மலைக்கு நவீன காலம் வந்து சேராமல் இல்லை. வந்தது, மலையிலிருந்து எதை எடுக்கலாம் என்று பார்த்தே வந்தது.

மலை ஆபத்தானது என்பதற்கு அடுத்த பள்ளத்தாக்கைக் காட்டுபவரும் உண்டு. 2002 செப்டம்பர் 20 அன்று கோல்கா பனியாறு சரிந்து, கார்மதோன் பள்ளத்தாக்கில் திரைப்பட இயக்குநர் செர்கேய் போத்ரோவும் அவர் படக்குழுவும் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. மலை கொல்லும், அதில் ஐயமில்லை. ஆனால் அன்று பனி அடித்துப் போனது கீழ்க்கார்மதோனை. உயரத்தில் இருந்த மேல்கார்மதோன் தப்பியது. எங்கே குடியிருக்கலாம், எங்கே கூடாது என்பதைத் தலைமுறைகள் பார்த்துப் பார்த்துக் கற்றுவைத்த அறிவு ஒன்று மலையில் இருந்தது. ஊர் காலியாகும்போது அந்த அறிவும் இறங்கிவிடுகிறது.

தர்காவ்ஸ் முழுதும் காலியாகிவிடவில்லை. சில குடும்பங்கள் இன்றும் அங்கே வாழ்கின்றன. சமவெளியிலும் நகரத்திலும் இருக்கும் ஒசேத்தியர், தங்கள் குலப்பெயர் எந்த மலையூரிலிருந்து வந்தது என்பதை மறப்பதில்லை. கோடைத் திருவிழாக்களில் குலத்தார் கூடி, முன்னோர் ஊரின் வழிபாட்டிடத்துக்கு ஏறிப் போகிறார்கள். வீட்டில் வடித்த பியரும், பாலாடைக்கட்டி அடைத்துச் சுட்ட வட்ட அப்பங்களும் உடன் போகும். ஒசேத்திய வழக்கில் துக்க வீட்டுப் பந்தியில் அப்பம் இரண்டு, விழாப் பந்தியில் மூன்று. பாழடைந்த கோபுரத்தடியில் பெரியவர் எழுந்து வேண்டுதலைச் சொல்லும்போது, அவர் முன்னால் இருப்பவை மூன்று அப்பங்கள்.