தொடக்கநிலைப் பயிற்சியில் பெற்றோரின் பங்கு

வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தையைப் பெற்றோர் முதலில் மருத்துவரிடம் கொண்டு செல்வர்; பின்னர் ஆயரிடம் வருவர். "எங்களுக்கு ஏன் இப்படி?" என்னும் அவர்களது வினாவுக்கு நாம் அளிக்கும் விடை, குழந்தையின் முதல் ஆண்டுகள் பயன்படுமா, வீணாகுமா என்பதையும் ஓரளவு முடிவு செய்கிறது.

மூளை மிக விரைவாக வளர்வது அந்த ஆண்டுகளிலேயே. ஆகவே பயிற்சி அப்போதே தொடங்கப்பெறுதல் வேண்டும். சென்னை தியாகராய நகரில் 1989-இல் தொடங்கப்பெற்ற மதுரம் நாராயணன் மையம், அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக ஏற்பட்டது. அங்குப் பெற்றோரும் குழந்தையோடு அமர்ந்து கற்கின்றனர். அம்மையத்தின் 'உபநயன்' திட்டம், முதல் இரண்டு ஆண்டுகளின் வளர்ச்சியை உடலியக்கம், தன்பராமரிப்பு, மொழி, அறிதிறன், சமூகப் பழக்கம் என ஐந்து துறைகளாக வகுத்து, துறைக்கு 50 ஆக 250 திறன்களை வரிசைப்படுத்துகிறது. குழந்தை நிற்கும் படியை அறிந்து, அடுத்த படியைக் கற்பிப்பதே முறை.

பெற்றோர் ஏன் கற்கவேண்டும்? பயிற்சியாளர் குழந்தையோடிருப்பது சில மணி நேரமே. உண்பதும் குளிப்பதும் உடுப்பதும் வீட்டிலன்றோ? கரண்டியைப் பிடிக்கும் குழந்தையின் கைமேல் தாய் தன் கையை வைக்கிறாள். சில நாட்கள் சென்றபின் மணிக்கட்டை மட்டும் தாங்குகிறாள். இறுதியில் கையை எடுத்துவிடுகிறாள். இவ்விதம் ஒவ்வொரு வேளை உணவும் ஒரு பாடமாகிறது. இதனால் குறைபாடு முற்றும் நீங்கிவிடும் என்று நாம் கூறவில்லை. குழந்தை தன்னால் இயன்றதை அடையும் என்றே கூறுகிறோம்.

பெற்றோரின் ஆற்றலுக்குக் கோட்டூர்புரத்து வித்யா சாகரும் சான்று. 1985-இல் அதனைத் தொடங்கிய பூனம் நடராஜன், தாமே பெருமூளை வாதமுள்ள குழந்தையின் தாய்.

நம் சபைகளில் இதற்குத் தடைகள் இரண்டு. ஒன்று, பழி. யோவான் 9-ஆம் அதிகாரத்தில் சீஷர் பிறவிக்குருடனைக் கண்டு, யார் செய்த பாவம் என்று வினவினர். அவன்மேலும் அவனைப் பெற்றவர்கள்மேலும் குற்றம் சுமத்த ஆண்டவர் மறுத்தார். குற்ற உணர்வால் குனிந்த தாய் குழந்தையை மறைத்து வைப்பாள். பயிற்சிக்குக் கொண்டு வரமாட்டாள். மற்றொன்று, "ஜெபித்துக் காத்திருங்கள்" என்னும் அறிவுரை. ஜெபிப்போம், ஆயினும் அந்த வாரமே குழந்தையைப் பரிசோதனைக்கு அனுப்புவோம்.

இப்பாரத்தைத் தாய் ஒருத்தியே சுமத்தல் தகாது. தந்தையும் பாட்டன் பாட்டியும் பயிற்சியைக் கற்கும்படி நாம் வலியுறுத்த வேண்டும். தாய் மையத்திற்குச் செல்லும் காலைகளில் மூத்த பிள்ளையைப் பள்ளியில் விட்டுவரச் சபையில் ஒருவர் முன்வந்தால், அதுவும் திருப்பணியே.