பிங் ஏறினால் யாரிடம் கேட்பது?

இணைய நிறுவனங்கள் விளம்பரப்படுத்தி விற்பது வேகத்தை. இணைய விளையாட்டுக்கு வேண்டியதோ தாமதமின்மை. ஒரு நொடியில் எவ்வளவு தரவு வந்து சேரும் என்பதை எம்பிபிஎஸ் என்ற அளவு சொல்கிறது. அனுப்பிய ஒரு சிறு தரவுப் பொட்டலம் விளையாட்டு நிறுவனத்தின் சர்வரைத் தொட்டுத் திரும்ப எத்தனை மில்லிநொடி ஆகிறது என்பதைப் பிங் என்ற அளவு சொல்கிறது. இவ்விரண்டும் வெவ்வேறானவை என்பதால், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் ஒரு வீட்டார் ஒரு நிறுவனத்தின் 40 எம்பிபிஎஸ் இணைப்பை விட்டு வேறொரு நிறுவனத்தின் 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு மாறிய பின், திரைப்படம் தடங்கலின்றி ஓடுவதும் அதே நேரத்தில் விளையாட்டில் அழுத்திய பொத்தானுக்குத் திரை தாமதமாக அசைவதும் ஒருங்கே நிகழக்கூடியவையே.

இதற்கு முதன்மைக் காரணம் பாதை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் என்பதால், அதில் போய்வர மட்டுமே 32 மில்லிநொடி ஆகிவிடும், அதை எந்த நிறுவனத்தாலும் குறைக்க முடியாது. ஆனால் சிங்கப்பூர்ச் சர்வருக்குச் செல்லவேண்டிய பொட்டலத்தைப் பழைய நிறுவனம் சென்னை வழியாக நேரே அனுப்பியிருக்க, புதிய நிறுவனம் மும்பை வரை கொண்டுபோய் மீண்டும் சென்னைக்குத் திருப்புமானால், போக 2,000 கிலோமீட்டரும் வர 2,000 கிலோமீட்டரும் கூடி, குறைந்தது 20 மில்லிநொடி வீணாகிறது. இழை நேர்கோட்டில் போவதில்லையாதலால் உண்மையில் இழப்பு இதைவிடக் கூடுதலே. எந்த வழி மலிவு, எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ளது என்ற வணிகக் கணக்கே பாதையைத் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கு வாடிக்கையாளருக்குக் காட்டப்படுவதில்லை.

வீட்டுக்குள் இருக்கும் காரணங்களையும் முதலில் விலக்க வேண்டும். ரவுட்டருக்கும் கணினிக்கும் இடையே வைஃபையை நிறுத்திவிட்டு லேன் கேபிள் செருகிப் பார்த்தாலே பாதி ஐயம் தீர்ந்துவிடும். கேபிள் எளிதில் ஏறாத கல்வராயன் மலைச் சிற்றூர்களில் செல்பேசி கோபுரத்தையே நம்பவேண்டியிருப்பதால், அங்கே பிங் நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கும். ஜிட்டர் எனப்படும் இந்த ஏற்றத்தாழ்வு, நிலையான தாமதத்தைவிட விளையாடுபவரை அதிகம் வாட்டும்.

புகார் எழுதும் விதத்தில்தான் பெரும்பாலானோர் தவறிவிடுகின்றனர். ‘நெட் ஸ்லோ’ என்று சொன்னால், வரும் ஊழியர் வேகச் சோதனை செய்து 98 எம்பிபிஎஸ் என்று காட்டிப் புகாரை முடித்துவிடுவார். அவர் செய்தது தவறுமல்ல, கேட்ட கேள்விக்கு அதுவே விடை. மாறாக, டிரேஸ்ரூட் என்ற கட்டளை பொட்டலம் கடக்கும் ஒவ்வொரு நிலையத்தையும் வரிசையாகக் காட்டும். நான்காம் வரியில் 9 மில்லிநொடி என்றிருந்தது ஐந்தாம் வரியில் 70 ஆகத் தாவி, இறுதி வரி வரை அந்த உயரத்திலேயே நின்றால், தாமதம் தோன்றும் இடம் ஏறத்தாழ அதுவே. காலை, மாலை, இரவு என ஒரு வாரம் எடுத்த இப்பதிவுகளோடு, ‘வேகம் சரி, பாதையும் தாமதமும் சரியில்லை’ என்று எழுத்தில் கொடுத்து, புகார் எண்ணைத் தவறாமல் பெறவேண்டும்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006இல் வகுத்த அகன்ற அலைவரிசைத் தரவிதிகள், வெளிநாட்டின் அருகமை இணைப்பு நிலையம் வரையிலான தரைவழித் தாமதத்துக்கு 350 மில்லிநொடி வரை இடம் தந்தன. அது மின்னஞ்சலுக்குப் போதும், விளையாட்டுக்கு உதவாது. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் ஜிட்டரையும் தர அளவாகச் சேர்த்துள்ளன. எனினும் குறிப்பிட்ட விளையாட்டின் சர்வர் வரை இவ்வளவு பிங்தான் இருக்கவேண்டும் என்று எந்த விதியும் உறுதி தருவதில்லை. எனவே விற்பனையாளர் ‘கேமிங்குக்கு ஏற்றது’ என்று கூறி விற்றிருந்தால், அந்த விளம்பரத்தையும் வாட்ஸாப் செய்தியையும் சேமித்து வைப்பதே வலுவான சான்று.

டிராய் தனிநபர் புகார்களை விசாரித்துத் தீர்ப்பதில்லை. 2012ஆம் ஆண்டின் குறைதீர்ப்பு விதிகளின்படி, நிறுவனத்தின் புகார் மையம் தீர்க்காவிட்டால், 30 நாள்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பை நாடலாம்; கட்டணம் இல்லை, 39 நாள்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இவற்றுக்கிடையே, பிங்கைக் குறைப்பதாகச் சொல்லும் செயலிகளை அவசரப்பட்டு நிறுவுவது ஆபத்தானது. அவை பெரும்பாலும் தரவை வேறொரு பாதையில் திருப்பும் விபிஎன் வகையைச் சேர்ந்தவை; சில வேளை உண்மையிலேயே பயன் தரும், ஆனால் அதே கைபேசியில் வங்கிச் செயலியும் யுபிஐயும் இருக்கும் வீட்டில், முகம் தெரியாதவரின் சர்வர் வழியாகப் போக்குவரத்தை விடுவது சிறு துணிவல்ல. தாமதத்தால் பந்தயப் பணம் போனது என்ற புகாருக்கு நியாயம் கேட்பதும் இப்போது கடினம். 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடைசெய்துள்ளது.

செல்பேசி எண்ணைப் போல வீட்டு இணைப்பை அப்படியே நிறுவனம் மாற்றும் வசதி கிடையாது என்பதால், பழைய இணைப்பை ஒரு மாதமாவது துண்டிக்காமல் வைத்து இரண்டையும் ஒப்பிடுவது செலவானாலும் தகும். வழக்குவரை போகநேர்ந்தால், தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாக்கிவிட்டது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புகார்தாரர் குடியிருக்கும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே மனு அளிக்க இடம் தருகிறது, காலவரம்பு இரண்டு ஆண்டு. அந்த மேசையில் கேட்கப்படுபவை புகார் எண், ரசீது, இரு இணைப்புகளிலும் ஒரே நாளில் எடுத்த பிங் பதிவுகள்.