‘சார்ஜ்’: ஒரு சொல்லும் அதன் சுமைகளும்

காலையில் எழுந்ததும் கைத்தொலைபேசியில் ‘சார்ஜ்’ இருக்கிறதா என்று பார்க்கிறோம். நண்பகல் உணவகத்தில் தரும் பற்றுச்சீட்டில் ‘சர்விஸ் சார்ஜ்’ என ஒரு வரி இருக்கிறது. பிள்ளையின் பள்ளிக்குத் தொலைபேசியில் அழைத்தால், ‘டீச்சர் இன் சார்ஜ்’ பிறகு பேசுவார் என்கிறார்கள். மாலைச் செய்தியில் ஒருவர் நீதிமன்றத்தில் ‘சார்ஜ்’ செய்யப்பட்டதாகக் கேட்கிறோம். இரவு படத்தில் குதிரைப்படை எதிரியை நோக்கிப் பாய்கிறது. அதுவும் ‘சார்ஜ்’ தான். ஒரே நாளில் ஒரே சொல் ஐந்து வேடங்களில் நம்முன் வருகிறது. ஆங்கிலேயர் இதில் இடர்ப்படுவதில்லை. அதனைத் தமிழில் தரவேண்டிய நிலையில் உள்ள நமக்கே இடர் தோன்றுகிறது.

இவ்வுரையில் நாம் இந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் பொருள்கள் எவ்வாறு கிளைத்தன, தமிழ் அவற்றை எவ்வாறு எதிர்கொள்கிறது, மொழிபெயர்ப்பில் எங்கே கருத்தாக இருத்தல் வேண்டும் என்பவற்றைக் காண்போம்.

ஒரு கடிதம்

அண்டை வீட்டு மூதாட்டி ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆங்கிலக் கடிதத்துடன் நம்மிடம் வந்தார். பேரன் அதனைக் கைத்தொலைபேசிச் செயலியில் மொழிபெயர்த்துக் காட்டியிருந்தான். “உங்கள் வீட்டின் மீது கட்டணம் உள்ளது” என்று அது கூறியது. அம்மூதாட்டி இரண்டு இரவுகள் உறங்கவில்லை.

“தம்பி, வீட்டுக் கடனை அடைச்சு ஏழு வருசம் ஆச்சு. இப்ப எதுக்குக் கட்டணம் கேக்குறாங்க?” என்றார்.

கடிதத்தில் இருந்த சொல் ‘சார்ஜ்’. அது கட்டணம் அன்று. சிங்கப்பூரில் மத்திய சேமநிதியிலிருந்து பணம் எடுத்து வீடு வாங்கியவர், அவ்வீட்டை விற்கும்போது, எடுத்த தொகையும் அதற்குரிய வட்டியும் அவருடைய சேமநிதிக் கணக்கிற்குத் திரும்புதல் வேண்டும். அதனை உறுதிசெய்யும் வகையில் வீட்டின் மீது பதியப்படும் ஈட்டுரிமையே இங்கே ‘சார்ஜ்’ எனப்பட்டது. தீபகற்ப மலேசியாவிலும், 1965இல் இயற்றப்பட்ட தேசிய நிலச் சட்டத் தொகுப்பு, நிலத்தை ஈடாக வைப்பதை இச்சொல்லாலேயே குறிக்கிறது. செயலி தேர்ந்த ‘கட்டணம்’ அகராதியில் உள்ள பொருளே. ஆயினும் அந்த இடத்திற்கு உரியதன்று.

வண்டியில் ஏற்றிய பாரம்

இத்தனை பொருள்களும் ஒரு சொல்லில் எவ்வாறு கூடின? விடை பழைய வண்டி ஒன்றில் இருக்கிறது. இலத்தீன் மொழியில் ‘கர்ருஸ்’ என்பது சக்கர வண்டி. கால் இனத்தவரின் கெல்திய மொழியிலிருந்து உரோமர் அச்சொல்லைப் பெற்றனர். அதிலிருந்து பிற்கால இலத்தீனில் ‘கர்ரிக்காரே’ என்னும் வினை தோன்றியது. வண்டியில் பாரம் ஏற்றுதல் என்பது அதன் பொருள். அதுவே பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்து ‘சார்ஜ்’ ஆயிற்று. நாம் ஓட்டும் ‘கார்’, கப்பலில் செல்லும் ‘கார்கோ’ ஆகியனவும் இச்சொல்லின் உறவினரே. கேலிச்சித்திரத்தைக் குறிக்கும் ‘கேரிகேச்சர்’ கூட, ‘ஏற்று’ என்னும் பொருளுடைய இத்தாலிய வினையிலிருந்து வந்தது. உள்ளதன் மேல் மிகையை ஏற்றிக் காட்டுவதன்றோ கேலிச்சித்திரம்?

‘பாரம் ஏற்றுதல்’ என்னும் இம்மூலப்பொருளைக் கைக்கொண்டால் கிளைகள் தாமே விளங்கும். ஒருவர் மேல் பழியை ஏற்றினால் அது குற்றச்சாட்டு. கடமையை ஏற்றினால் பொறுப்பு. விலையை ஏற்றினால் கட்டணம். வீட்டின் மேல் கடனின் பிணையை ஏற்றினால் ஈட்டுரிமை. பீரங்கிக்குள் வெடிமருந்தை ஏற்றுவதும் இதே சொல்லால் வழங்கியது. தன் முழுப் பளுவையும் எதிரி மேல் செலுத்திப் பாய்வதும் இதனுள் அடங்கிற்று.

மின்னியல் இச்சொல்லை 18ஆம் நூற்றாண்டில் ஏற்றுக்கொண்டது. மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் லைடன் குடுவை 1745, 1746ஆம் ஆண்டுகளில் கண்டறியப்பட்டது. அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்கிளின் அதனைக் கொண்டு ஆய்வுகள் நடத்தி, 1747 முதல் எழுதிய கடிதங்களில், குடுவையில் மின்சாரத்தை நிரப்புவதை இச்சொல்லால் குறித்தார். குடுவைகள் பலவற்றை இணைத்த தொகுதிக்கு அவர் இட்ட ‘பேட்டரி’ என்னும் பெயரோ பீரங்கி வரிசையைக் குறித்த படைத்துறைச் சொல். ஆகவே, இன்று கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும்போது நாம் பழைய போர்க்களத்துச் சொற்களையே வழங்குகிறோம்.

தமிழின் வழி

தமிழில் இவை அனைத்திற்கும் ஒரே சொல் இல்லை. கட்டணம், குற்றச்சாட்டு, பொறுப்பு, மின்னூட்டம், ஈட்டுரிமை, தடியடி எனத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. இதனைக் குறையென்று கருதுதல் வேண்டா. இச்சொற்களுட் சிலவற்றின் வேரை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும்.

‘பொறுப்பு’ என்பது ‘பொறு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. பொறுத்தல் என்பது சுமத்தல், தாங்குதல். திருக்குறளின் 16ஆம் அதிகாரமாகிய ‘பொறையுடைமை’யில் வரும் ‘பொறை’யும் அவ்வேரினதே. குற்றத்தைச் சாட்டுவதோடு ‘சுமத்தவும்’ செய்கிறோம். இலங்கைப் பாடநூல்கள் ‘மின்னேற்றம்’ என்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘மின்னூட்டம்’ என்கின்றன. முன்னதில் ஏற்றுதலும் பின்னதில் ஊட்டுதலும் உள்ளன. ‘கடன்சுமை’, ‘வரிச்சுமை’, ‘விலையேற்றம்’ என்பனவும் நம் வழக்கே. உரோமரின் வண்டியை அறியாமலே தமிழரும் பழியையும் கடமையையும் கடனையும் பாரமாகவே எண்ணியுள்ளனர். ஆங்கிலம் அவ்வெண்ணத்தை ஒரு சொல்லில் அடக்கியது. தமிழ் அதனைப் பல சொற்களில் பகிர்ந்தளித்தது.

நம் அண்டை மொழியாகிய மலாய் மற்றொரு வழியைக் கண்டது. ஆங்கிலச் சொல்லை ஒலிவேறுபாட்டுடன் இருமுறை கடன்பெற்று, கட்டணத்திற்குச் ‘சாஜ்’ என்றும் மின்னேற்றத்திற்குச் ‘சாஸ்’ என்றும் வைத்துக்கொண்டது. நீதிமன்றக் குற்றச்சாட்டிற்கோ தன் சொந்த வேரிலிருந்து வேறொரு சொல்லை ஆக்கிக்கொண்டது. பேச்சுத் தமிழும் இச்சொல்லைக் கடன்பெற்றுள்ளது. ஆயினும் அதன் எல்லாப் பொருள்களையும் பெறவில்லை. ‘போனில் சார்ஜ் இல்லை’ என்போம். ‘வீட்டின் மேல் சார்ஜ் இருக்கிறது’ என்று யாரும் பேசுவதில்லை. கடன் சொல் தனக்கு வேண்டிய பொருளோடு மட்டுமே வந்து தங்கும் என்பது மொழியியல் உண்மை. எனவே ஆங்கிலச் சொல்லையே எங்கும் எழுதிவிடலாம் என்னும் வாதம் நம் இடரைத் தீர்க்காது.

தொல்காப்பியர் காட்டும் நெறி

பல பொருள் ஒரு சொல் பற்றித் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்திலேயே பேசுகிறார். அவர் அதனை இரண்டாகப் பகுக்கிறார். முதல் வகையில் பொருள் இன்னதென்று மூன்று வழிகளால் தெளியலாம்: உடன்வரும் வினை, உடன்வரும் இனம், சொல் வழங்கும் சார்பு. இரண்டாம் வகையில் இவை உதவா. ஆங்கே சொல்லுவோன் தான் கருதிய பொருளை வெளிப்படையாகக் கிளந்து கூறுதல் வேண்டும்.

உரையாசிரியர்கள் ‘மா’ என்னும் சொல்லை இதற்கு எடுத்துக்காட்டுவர். மா பூத்தது என்றால் அது மரம் என்பதை வினை காட்டும். மாவும் பலாவும் என்றால் இனம் காட்டும். போருக்குப் புறப்படும் வீரன் மா கொண்டுவரச் சொன்னால் அது குதிரை என்பதைச் சார்பு காட்டும்.

இந்நெறியை நம் சொல்லோடு பொருத்திப் பார்ப்போம். ‘அவர் சார்ஜ் செய்யப்பட்டார்’ என்னும் ஆங்கிலத் தொடர் மட்டும் நம் கையில் இருந்தால் பொருள் துணிய இயலாது. அதனோடு ஐம்பது வெள்ளி என்று வந்தால், அவரிடம் கட்டணம் பெறப்பட்டது. திருட்டு என்று வந்தால், அவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. கணக்குகளைச் சரிபார்க்கும் பணி என்று வந்தால், அவரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. சொற்றொடரின் வடிவம் ஒன்றே. உடன்வருவனவே பொருளைத் தீர்மானிக்கின்றன. ஆதலின் சொல்லை மொழிபெயர்த்தல் என்பதே பொருந்தாக் கூற்று. நாம் மொழிபெயர்ப்பது அச்சொல்லின் ஆட்சியை.

இறக்கிவைத்தலிலும் இடர்

ஏற்றுதலுக்கு மறுதலை இறக்குதல். ‘சார்ஜ்’ ஏற்றினால் ‘டிஸ்சார்ஜ்’ இறக்கும். நோயாளி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதும், துப்பாக்கி வெடிப்பதும், ஆலையின் கழிவுநீர் வெளியேறுவதும், ஒருவர் தம் கடமையை ஆற்றி முடிப்பதும், நொடித்துப்போனவர் அந்நிலையிலிருந்து விடுவிக்கப்படுவதும் இச்சொல்லால் குறிக்கப்படும். இவற்றுள் நீதிமன்ற வழக்கு ஒன்று நம் தனிக் கவனத்திற்குரியது.

சிங்கப்பூர், மலேசிய நீதிமன்றங்களில் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவரை இருவகையாக அனுப்பலாம். ஒன்று, அவர் குற்றமற்றவர் எனத் தீர்ந்து விடுதலை பெறுவது. மற்றொன்று, அரசுத் தரப்பு வழக்கை அப்போதைக்குத் தொடராமையால் அவர் விடுவிக்கப்படுவது. ஆயினும் அது குற்றமின்மைத் தீர்ப்புக்கு ஈடாகாது. பின்னதில், அதே குற்றச்சாட்டு மீண்டும் கொண்டுவரப்படலாம். மலாய் மொழி இவ்வேறுபாட்டை ‘லெப்பாஸ்’, ‘பெபாஸ்’ என்னும் இரு சொற்களால் தெளிவாகக் காட்டுகிறது: பின்னவர் ‘லெப்பாஸ்’ ஆனவர், ‘பெபாஸ்’ ஆகாதவர்.

தமிழில் இரண்டையும் ‘விடுதலை’ என்று எழுதினால் என்ன நேரும்? வழக்கு முடிந்துவிட்டது என்று அம்மனிதர் நம்புவார். குடும்பத்தார் கோயிலில் அருச்சனையும் செய்துவிடுவர். பின்னொரு நாள் அழைப்பாணை வரும்போது, தாம் ஏமாற்றப்பட்டதாக அவர்கள் நீதிமன்றத்தையே ஐயுறக்கூடும். ஆகவே, முன்னதை ‘விடுதலை’ என்றும் பின்னதை ‘விடுதலைக்கு ஈடாகாத விடுவிப்பு’ என்றும் வேறுபடுத்தி எழுதுதல் வேண்டும் என்பது நம் கருத்து. தொடர் சற்று நீளும்தான். நீளமான உண்மை, சுருக்கமான பிழையினும் மேலானது.

கிளந்து கூறல்

தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஆங்கிலம் அறியாத முதியவர் ஒருவருக்குத் தமிழ் அறிவிப்பே அரசின் குரலாகும். அவ்வறிவிப்பை எழுதுவோர் அகராதியின் முதற்பொருளோடு நின்றுவிடலாகாது. உடன்வரும் வினையைப் பார்த்தல், இனத்தைப் பார்த்தல், சார்பைப் பார்த்தல் என்னும் மூன்றையும் செய்து, அப்போதும் ஐயம் எஞ்சுமாயின் கிளந்து கூறுதல் அவர்தம் கடமை. கலைச்சொல் துல்லியமாக அமைந்தாலும், படிப்பவருக்கு அது புதியதெனில் விளக்கம் ஒன்று உடன்வருதல் நலம். ‘ஈட்டுரிமை’ என்னும் சொல்லை மட்டும் கொடுத்திருந்தால் அம்மூதாட்டியின் அச்சம் நீங்கியிராது.

அன்று நாம் அக்கடிதத்தின் பின்புறத்தில் பென்சிலால் இவ்வாறு எழுதிக் கொடுத்தோம்: “வீடு வாங்கச் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்திற்காக இந்த வீட்டின் மீது ஓர் உரிமை பதியப்பட்டுள்ளது. வீட்டை விற்றால் அப்பணம் வட்டியுடன் உங்கள் கணக்கிற்கே திரும்பும். இப்போது நீங்கள் எதுவும் கட்டவேண்டியதில்லை.”

ஒரு சொல்லுக்கு மூன்று வாக்கியங்கள் தேவைப்பட்டன. அவர் கடைசி வாக்கியத்தை இருமுறை படித்தார். பிறகு கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பேரனுக்குச் சமைக்கவேண்டும் என்று சொல்லிப் புறப்பட்டார்.